பெண் யாரும் வரவில்லையாம்!

கிராணியார் பொய் சொல்கிறார்.

யார் அந்தக் கிராணியார் என்று கேட்கிறீர்களா? கிள்ளானைத் தாண்டி, தெலுக் பங்லிமா காராங் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தலைமைக் குமாஸ்தா; துரைக்கு அடுத்தபடி எல்லாம் அவர்தான். ஆபீஸ் அவர் கையில். ஆட்களின் பெயர்ப் புத்தகம், செக்ரோல், அவர் கையில். பள்ளிக்கூடமும் அவர் கையில். தோட்டத்தின் பெயரை நான் இன்று எழுதவில்லை. அவருக்குத் தெரியும், அது போதும்.

போன திங்கட்கிழமை இதே பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ‘தோட்டப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை. முன் விளம்பரத்துக்குப் பெண் மனுதாரர் எவரும் நேரில் வராதபடியால், இம்முறை ஆண்கள் மட்டும் மனுச் செய்யவும்.’

எவரும் வரவில்லையாம்!

நான் போனேன். ஒரு மணி நேரம் அவர் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். சீனி போதவில்லை என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. நான் வரவில்லை என்றால் அந்தக் காப்பியைக் குடித்தது என்ன, பேயா?

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எனக்கு நயமாக எழுத வராது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும் நாலு வரி சொல்கிறேன். நான் ஒரு ரயில்வே கார்டின் விதவை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டு வருஷம் பாடம் சொன்னேன். ரப்பர் விலை விழுந்தது, அப்பன்மார்களுக்கு வேலை போனது, குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பிள்ளைகள் இல்லாத பள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூடிவிட்டார்கள். அதோடு என் வேலையும் மூடியது.

அப்போதுதான் கிராணியாரின் முதல் விளம்பரம் வந்தது. ‘பெண் ஆசிரியை தேவை.’ பெண் என்றே போட்டிருந்தது! தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஏன் வகுப்பில் இல்லை என்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் கேட்டாராம். ஒரு பொம்பளை வாத்தியாரைப் போடு என்று துரை சொன்னாராம். கிராணியார் விளம்பரம் போட்டார். நான் மனுப் போட்டேன். நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது, என் பெயருக்கே வந்தது. அந்தக் கடிதம் இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது, கிராணியாரே!

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தனியாக ஒரு பெண் தோட்டத்துக்குள் நுழைந்தால் கேட்டிலேயே காவல்காரன் நிறுத்துவான், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், நாளைக்கு ஒரு கதை கட்டுவார்கள். அண்ணனோ சும்மா இருந்தார். கோலாலம்பூர் ஸ்டேஷனில் பதினைந்து வருஷம் பிளாட்பாரத்தில் நின்று ஊர்ப் பெயர் கூவி ஆட்களை ரயில் ஏற்றினவர். ஆட்குறைப்பு என்று சொல்லி அவரையும் இரண்டு மாதத்துக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அண்ணி, இரண்டு பிள்ளைகள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, கொடுத்தது சரியா தப்பா என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தார்.

தப்பு அதோடு நிற்கவில்லை. அண்ணனின் ரயில்வே கோட்டில் பித்தளைப் பொத்தான்களை வெட்டி எடுத்துக்கொண்டுதான் அனுப்பியிருந்தார்கள். நான் வெள்ளைப் பொத்தான் தைத்தேன். கஞ்சி போட்டேன், இஸ்திரி போட்டேன். கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டும் மீசையும் நெற்றி வழுக்கையுமாக அவர் வந்து நின்றபோது, ஒரு தலைமை ஆசிரியர் மாதிரியே இருந்தார். நானே என் கையால் ஒரு வாத்தியாரைத் தயார் செய்திருக்கிறேன். புரிகிறதா?

கிள்ளானில் ரயிலை விட்டு இறங்கி, சின்ன பஸ் பிடித்து, தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. கிராணியார் ஸ்டோருக்குப் போயிருக்கிறார், காத்திருங்கள் என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் ரப்பர் பால் எடுக்கிற வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் காளியம்மா என்றாள். பக்கத்தில் எட்டு வயது மகள், அந்தப் பிள்ளையின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

“இவ பள்ளிக்கூடம் போகலையா?” என்றேன்.

“எங்கக்கா! இருந்த வாத்தியாரு ரெண்டு மாசத்துல ஓடிட்டாரு. அவரு இருந்தப்பயும் பொட்டப் புள்ளைவள அனுப்ப எங்க வீட்டுக்காரரு ஒத்துக்கல.” அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். “இவரா புது வாத்தியாரு?”

“இல்ல. நான்தான்.”

காளியம்மா வாளியைக் கீழே வைத்தாள். “நெசமாவா? பொம்பள டீச்சரா? அப்ப அனுப்புவேன்க்கா. நான் மட்டுமில்ல, எங்க லயத்துல அஞ்சாறு பேரு அனுப்புவாங்க. கைப்புள்ளையத்தான் என்ன பண்றதுன்னு தெரியல...”

“அதையும் தூக்கிட்டு வரச் சொல்லு. ஒரு மூலையில கிடக்கட்டும்.”

அந்தப் பெண் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. சரி, இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். அதுவரைக்கும் சம்பளத்துக்காக வந்தவள்தான் நான். மறைப்பானேன்?

கிராணியார் வந்தார். கூடவே ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியும் வந்தார். கங்காணி வயதானவர், வாய் நிறைய வெற்றிலை. கிராணியார் அண்ணனுக்குக் கை கொடுத்தார். எனக்கு ஒரு தலையசைப்பு.

“உக்காருங்க மாஸ்டர்.”

மாஸ்டர் என்றது அண்ணனை.

“நான் மாஸ்டர் இல்ல சார். தங்கச்சிதான்...”

“தெரியும், தெரியும். உக்காருங்க. காப்பி கொண்டாரச் சொல்றேன்.”

நான் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தேன். சர்டிபிகேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கிராணியார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார்! அண்ணன் மரியாதையாக வாங்கி, கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்து, கங்காணியிடம் கொடுத்தார். கங்காணி விரலில் சுண்ணாம்பு. அவர் நுனியில் பிடித்து என்னிடம் தள்ளினார். என் எட்டு வருஷம் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி என் மடியிலேயே வந்து விழுந்தது. ஒருத்தரும் படிக்கவில்லை.

“தங்கச்சி எத்தினியாவது வரைக்கும் படிச்சிருக்காங்க?” என்று கிராணியார் கேட்டார், அண்ணனை.

“ஏழாவது,” என்றேன் நான்.

“ஏழாவது சார்,” என்றார் அண்ணன்.

“நல்லது,” என்று கிராணியார் அண்ணனுக்குத் தலையாட்டினார். “தோட்டத்துல தனியா இருக்கப் பயமில்லையே அவங்களுக்கு?”

“அவளப் பாத்துத்தான் சார் மத்தவங்களுக்குப் பயம்.”

கங்காணி சிரித்தார். “வேதக்காரங்களா தம்பி நீங்க?”

“ஆமாண்ணே.”

“நம்ம மாரியம்மன் கோயில் திருவிழாவுல வாத்தியாரு முன்னுக்கு நிக்கணுமே. அதுதான் இங்க பழக்கம்.”

“நிக்கிறதுக்கு என்னண்ணே, நிக்கலாம்.”

“கணக்கு, வாசகம், பூகோளம் இதுல எல்லாம் ஏதாவது கேக்கப் போறீங்களா சார்?” என்றேன் நான். “கேக்குறதா இருந்தா என்கிட்ட கேளுங்க. மனுப் போட்டவ நான்.”

கிராணியார் அண்ணனைப் பார்த்துப் புன்னகை செய்தார். “தங்கச்சி நல்ல சுறுசுறுப்பு.”

இதற்குப் பிறகுதான் விஷயமே வந்தது. பெரட்டு.

டவுனில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாம் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். இருக்கிறேன் என்று குரல் கொடுத்தவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அதுதான் பெரட்டு. பெயர் கூப்பிடுவது கிராணியார் வேலை. ஆனால் பல தோட்டங்களில் அதை வாத்தியார் தலையில் கட்டிவிடுகிறார்கள். கிராணியாருக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும் அல்லவா?

“இங்க வாத்தியார்னா பாடம் மட்டும் கெடையாது மாஸ்டர். பெரட்டுல பேர் கூப்பிடணும். கடைசி வரிசைக்குக் கேக்கணும். பழைய வாத்தியாருக்குத் தொண்டையே இல்ல. தங்கச்சிக்குக் குரல் வருமா?”

“வரும்,” என்றேன்.

“தம்பி, நீங்க ஒரு தடவ கூப்பிட்டுக் காமிங்களேன்,” என்றார் கங்காணி.

செக்ரோல் புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்தார்கள். பெயர்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. மனுஷன் யோசிக்கவே இல்லை. புத்தகத்தை மேஜையில் வைத்தார், வாசலுக்குப் போனார், இடுப்பில் கையை ஊன்றினார், பதினைந்து வருஷம் செய்ததைச் செய்தார்.

“பெட்டாலிங்ங்ங்! பத்து தீகாஆஆ! கிள்ளான் போறவங்க எல்லாம் ஏறுங்க, ஏறுங்க!”

ஸ்டோரில் ரப்பர் சீட் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். வராந்தாவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மருந்து வாங்க வந்து நின்ற ஒரு கிழவர், மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தே விட்டார்!

“அம்மாடியோவ்!” என்று கங்காணி தொடையைத் தட்டினார். “என்னா தொண்ட! கிராணியாரே, இவர விட்டுறாதீங்க!”

நானும் சிரித்தேன். எங்கள் அண்ணன் அல்லவா? அவர் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். ஆனால் அன்றைக்கு நான் சிரித்தது அதோடு சரி.

“அப்ப முடிஞ்சுது,” என்றார் கிராணியார். “மாஸ்டர், அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்துருங்க. வீடு இருக்கு. குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

“யாரு சார்? நானா?” என்றார் அண்ணன்.

“உங்க பேர்லயே போட்டுர்றேன். ஆம்பள பேர் இருந்தா எனக்குச் சுலபம்.”

“பாடம் யார் சொல்லுவா?” என்றேன்.

“நீங்கதாம்மா! அண்ணனுக்கு ஒத்தாசையா.”

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. உனக்கு வேலை இல்லை, ஆனால் வேலையை நீ செய் என்று சொல்வதற்காகப் பார்த்தார்.

“என் பேரு?”

“பேரு எதுக்கும்மா? ஒரே குடும்பம்தானே. ஒரே சம்பளம், ஒரே அடுப்பு.”

“இன்ஸ்பெக்டர் வந்தா?”

“வந்தா அண்ணன் நாற்காலியில இருப்பாரு. நீங்க சோறு கொண்டாந்த மாதிரி ஓரமா நில்லுங்க. போலே லா, சமாளிச்சுக்கலாம்! அவரு வருஷத்துல ஒரு தடவதான் வர்றாரு.”

சோறு கொண்டுவந்த மாதிரி! வாசகர்களே, இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. எனக்கு அந்த அளவுக்குக் கற்பனை கிடையாது.

“முடியாது,” என்றேன். எழுந்தேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. இதையும் நான் மறைக்கப் போவதில்லை. காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வாசல் தாண்டின பிறகுதான் வந்தார். பின்னாலிருந்து கிராணியார் குரல் கொடுத்தார்: “வீட்ல போயி நிதானமாப் பேசுங்க மாஸ்டர். நான் கடிதாசி போடுறேன்.”

கிள்ளானில் ரயில் கிளம்பின பிறகு அண்ணன் ஆரம்பித்தார்.

“பாப்பா... என் பேரு, உன் படிப்பு. யாருக்கு என்ன நஷ்டம்?”

“எனக்கு.”

“நாம பங்கு போட்டுக்கலாம்.”

“சம்பளத்தப் பங்கு போடலாம்ண்ணே. நாளைக்கு உங்களுக்கு ரயில்வே வேலை திரும்பக் கெடச்சா? நீங்க போயிருவீங்க. நான் அங்க யாரு? சோறு கொண்டாந்தவ. அப்புறம் இன்னொரு பொம்பள படிச்சிட்டு வருவா. அவகிட்டயும் ‘அண்ணன் இருக்காரா’ன்னு கேப்பான்.”

“கப்பல் ஏறச் சொல்றியா என்ன?”

அவர் பிள்ளைகளுக்கு நானா சோறு போடுவேன்? ஆனாலும் என் வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வரவில்லை. அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அதற்காக நான் செய்தது தப்பாகிவிடாது.

ஒரு வாரத்தில் கிராணியார் கடிதம் வந்தது. அண்ணன் பெயருக்கு. இங்கிலீஷில். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வரவேண்டியிருந்தது.

“படி பாப்பா.”

ஒரு நிமிஷம் எனக்குக் கெட்ட புத்தி வந்தது. வேலை இல்லை என்று எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டால்? யாருக்குத் தெரியும்? நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். வேலை உண்டு, வீடு உண்டு, ஒன்றாம் தேதி வரவும், தங்கையையும் அழைத்து வரவும்.

அண்ணன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத நானே படிக்க முடியல,” என்றார். “நான் வாத்தியாரு. நல்லா இருக்கில்ல?” பிறகு சொன்னார்: “பேனாவ எடு. நான் சொல்றத எழுது.”

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். ‘ஐயா, நான் ரயில்வே ஆள். எனக்குப் பாடம் சொல்லத் தெரியாது. தெரிந்தவள் என் தங்கச்சி. அவள் பெயரில் கூப்பிட்டால் அவள் வருவாள். என் பெயரில் கூப்பிட்டால் இரண்டு பேரும் வர மாட்டோம்.’ கீழே தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். மறுநாள் தானே தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் செய்தார். ரசீது என்னிடம் இருக்கிறது.

இப்போது அண்ணன் சாலாக் செலாத்தானில் ஒரு பலகைக் கிடங்கில் மரம் தூக்குகிறார். கோட்டுப் போட்ட தோள் புண்ணாகிக் கிடக்கிறது. பட்டியலில் இன்னும் பெயர் இருக்கிறது. கப்பல் வந்தால் ஏறுவாரா, மாட்டாரா? எனக்குத் தெரியாது. நான் அவரைக் கேட்கவும் இல்லை.

அந்தக் கடிதத்துக்குக் கிராணியார் அனுப்பிய பதில்தான் போன திங்கட்கிழமை விளம்பரம். பெண் மனுதாரர் எவரும் நேரில் வரவில்லை!

இண்டர்வியூ என்றால் என்ன என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். எனக்கு முதல் வேலை கொடுத்த மிஷன் அம்மாள் ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோக்கச் சொன்னாள். கோத்தேன், வேலை கிடைத்தது. எட்டு வருஷத்தில் நான் ஒரு நாள்கூடத் தையல் சொல்லித்தரவில்லை. சுங்கை பூலோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார் — குமாஸ்தா வேலைக்குப் போனவரிடம் கேட்ட ஒரே கேள்வி, “சைக்கிள் இருக்கா?” இவர்கள் வேலைக்கு ஆள் தேடுவதில்லை. தங்களுக்கு எது சௌகரியமோ அதைத் தேடுகிறார்கள். கிராணியாருக்கு ஒரு தொண்டை வேண்டும், காலையில் தூங்குவதற்கு. ஒரு பெண்ணும் வேண்டும், பாடம் சொல்வதற்கு. ஆனால் அவள் ரிஜிஸ்தரில் இருக்கக் கூடாது.

சரி. நான் என்ன செய்யப் போகிறேன்?

மறுபடியும் மனுப் போட்டுவிட்டேன். ஆண்கள் மட்டும் என்று போட்டிருந்த அதே விளம்பரத்துக்கு, என் பெயரில், இரண்டு பிரதி. ஒன்று கிராணியாருக்கு. இன்னொன்று நேரே துரைக்கு, அவருக்குப் புரிகிற இங்கிலீஷில். ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதியாகிவிட்டது. இண்டர்வியூ நாளன்று போவேன். இந்தத் தடவை தனியாக. காவல்காரன் நிறுத்தினால் கேட்டில் நிற்பேன். யார் எந்தக் கதை கட்டினாலும் கட்டட்டும். காளியம்மா அந்த வழியாகத்தான் பால் வாளி தூக்கிக்கொண்டு போவாள். நான் வந்தேனா என்று அவளாவது பார்க்கட்டும்.

கிராணியாரே, அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த வாரம் இந்தப் பத்தியை நான் எழுதவில்லை. இடத்தை உங்களுக்காகக் காலியாக விடும்படி ஆசிரியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை என்றால் அது வெள்ளையாகவே அச்சாகும். ஊர் முழுக்கப் பார்க்கும். நீளமாக எழுத வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டு ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

அன்றைக்கு நான் வந்தேனா, வரவில்லையா?